தாத்தாவின் துப்பாக்கியும் அதன் மேல் இருந்த எண்ணும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

பழைய காசுகளின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள்: "சார், பழைய கைத்துப்பாக்கியின் மேல் ஒரு எண் இருக்குமே, அதை வைத்து எந்த வருஷம் செய்தது, யாரிடம் இருந்தது என்று சொல்ல முடியுமா?" வரலாறு சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்குத் துப்பாக்கியோடு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். வெளிநாடுகளில் இதற்கென்றே பெரிய பெரிய புத்தகங்கள் இருக்கின்றன. எண்களைப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் விடுதலைப் போராட்டத்தின் சில முக்கியமான சங்கதிகளும் இந்த எண்களால்தான் நிலைநாட்டப்பட்டிருக்கின்றன.

முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். எண் சொல்லும். ஆனால் அந்த எண்ணை எழுதி வைத்த பதிவேடு எங்கேயாவது இருந்தால்தான் சொல்லும். பதிவேடு இல்லாத எண், சேர்க்கைப் பதிவேடு தொலைந்துபோன பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் மாதிரி. சேர்க்கை எண் 2147 என்று அதில் இருக்கும். யார் அந்த 2147 என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

நம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற உதாரணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில் போஜீஸ்வரர் கோயில் இருக்கிறதல்லவா? பதின்மூன்றாம் நூற்றாண்டில் போசள மன்னன் சோமேஸ்வரன் இங்கே தங்கி ஆண்டபோது கட்டிய போசளேஸ்வரம் அதுதான். உங்களில் பலரை அங்கே அழைத்துப்போய்க் கல்வெட்டுகளைக் காட்டியிருக்கிறேன். கல்வெட்டில் கி.பி. என்றோ கி.மு. என்றோ இருக்காது. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு என்றுதான் இருக்கும். அரசன் மாறினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். சோழர் கல்வெட்டு என்றால் இன்னும் சிக்கல். ஒருவர் ராஜகேசரி, அடுத்தவர் பரகேசரி என்று பட்டப்பெயர் மாறி மாறி வரும். இயற்பெயர் இல்லாமல் "ராஜகேசரிக்கு ஐந்தாவது ஆண்டு" என்று மட்டும் இருந்தால், எந்த ராஜகேசரி என்பதை எழுத்தின் வடிவத்தையும், கல்வெட்டில் வரும் அதிகாரிகளின் பெயரையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஜாதகத்தில் "குரோதி வருஷம்" என்று மட்டும் இருந்தால் அது 1904-ஆ, 1964-ஆ, 2024-ஆ என்று நாம் யோசிப்பதும் இதே கதைதான்.

துப்பாக்கி எண்ணிலும் இதே சிக்கல் உண்டு. ஜெர்மனியின் லூகர் பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவத்துக்குச் செய்த லூகர்களில் ஒவ்வொரு வருஷமும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். பத்தாயிரம் ஆனதும் மறுபடி ஒன்று, கூடவே முதல் எழுத்து. அடுத்த பத்தாயிரத்துக்கு இரண்டாம் எழுத்து. ஆகவே 4321 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஒரு லூகரை அடையாளம் சொல்லவே முடியாது. அந்த எண் கொண்ட லூகர்கள் எத்தனையோ இருக்கும். எண், அதை ஒட்டிய எழுத்து, மேல்புறத்தில் பொறித்திருக்கும் வருஷம், செய்த ஆலையின் முத்திரை என்று நான்கும் சேர்ந்தால்தான் அது ஒரே ஒரு துப்பாக்கி.

அமெரிக்காவின் கோல்ட் கம்பெனி வேறு வழி. ஒரு மாடலுக்கு ஒரே வரிசை. 1903-ல் வந்த அவர்களுடைய .32 பாக்கெட் பிஸ்டல் 1945 வரை ஐந்தரை லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. எண் ஏறிக்கொண்டே போகும். எந்த வருஷம் எந்த எண்ணில் நின்றது என்ற பட்டியல் இருப்பதால் எண்ணைப் பார்த்தவுடன் வருஷத்தை நெருங்கிவிடலாம். அந்தக் கம்பெனியின் ஆவணப் பிரிவுக்கு எழுதிக் கட்டணம் கட்டினால், இந்த எண்ணுள்ள பிஸ்டல் இன்ன தேதியில் இன்ன கடைக்கு அனுப்பப்பட்டது என்று கடிதமே கொடுப்பார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியில் மாடலுக்கு மாடல் தனி வரிசை. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்குச் செய்த அவர்களுடைய .38 ரிவால்வரின் எண்ணுக்கு முன்னால் "வி" என்ற எழுத்து இருக்கும். வெற்றியைக் குறிக்கும் "விக்டரி" என்ற சொல்லின் முதல் எழுத்து. அந்த ஓர் எழுத்தே போர்க்காலம் என்று சொல்லிவிடும்.

இத்தாலியின் பெரெட்டாவில் இன்னொரு வேடிக்கை. முசோலினி ஆட்சிக்கு வந்த 1922 அக்டோபர் கடைசியிலிருந்து ஒரு புது சகாப்தம் தொடங்கியதாக அறிவித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் பெரெட்டாக்களில் சாதாரண வருஷமும் இருக்கும், பக்கத்தில் ரோமன் எண்ணில் முசோலினி வருஷமும் இருக்கும். 1937 என்று இருந்தால் பக்கத்தில் பதினைந்து அல்லது பதினாறு என்று இருக்க வேண்டும். நம் ஊரில் கலி ஆண்டும் சக ஆண்டும் சேர்த்துப் போட்ட கல்வெட்டு மாதிரி, ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எண்ணைத் தவிர சோதனை முத்திரைகளும் உண்டு. ஒரு துப்பாக்கியை விற்பனைக்கு விடும் முன் வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடித்துச் சிதறாமல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இதற்கான சோதனைச் சாலை 1813-ல் சட்டம் போட்டு அமைக்கப்பட்டது. பெல்ஜியத்தின் லியேழ் நகரத்து முத்திரை ஒரு முட்டை வடிவம். 1893 முதல் அதன் தலையில் ஒரு கிரீடம் சேர்ந்தது. கிரீடம் இருந்தால் 1893-க்குப் பிந்தியது. மீசை முளைத்த பையனா இல்லையா என்று பார்ப்பது மாதிரி, ஒரே பார்வையில் காலத்தை இரண்டாகப் பிரித்துவிடலாம்.

இதெல்லாம் சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்கு என்று தோன்றலாம். நம் நாட்டில் இந்த எண்கள் என்ன செய்திருக்கின்றன என்று பாருங்கள்.

1914 ஆகஸ்ட் 26. கல்கத்தாவில் ரோடா கம்பெனி என்று பெரிய துப்பாக்கி வியாபாரிகள் இருந்தார்கள். கப்பலில் வந்த 202 பெட்டிகளைச் சுங்கச் சாவடியிலிருந்து எடுத்து வர அவர்களுடைய குமாஸ்தா ஸ்ரீஷ் சந்திர மித்ரா போனார். 192 பெட்டிகளைக் கிடங்கில் இறக்கினார். மீதியை எடுத்து வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. அந்தப் பத்துப் பெட்டிகளில் 50 மவுசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. எல்லாம் வங்காளத்துப் புரட்சிக்காரர்களின் கைக்குப் போய்விட்டன. மவுசர் சாதாரண பிஸ்டல் அல்ல. அதை வைத்திருக்கும் மரப்பெட்டியையே பின்னால் மாட்டித் தோளில் வைத்துச் சுடலாம், ரைபிள் மாதிரி.

ஆனால் ஒவ்வொரு மவுசரிலும் எண் இருந்தது. அந்த எண்களை ரோடா கம்பெனி தன் ஏட்டில் எழுதி வைத்திருந்தது. அதற்குப் பிறகு வங்காளத்தில் எங்கே மவுசர் பிடிபட்டாலும் போலீஸ் முதலில் எண்ணைப் பார்க்கும். 1918-ல் ரௌலட் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தபோது இந்தக் கணக்கு அதில் இருந்தது: 44 பிஸ்டல்கள் 9 குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன, 54 சம்பவங்களில் பயன்பட்டன, 31 திரும்பப் பிடிபட்டன. அந்தக் குழுவில் நம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி.வி. குமாரசாமி சாஸ்திரியும் ஓர் உறுப்பினர். அந்த அறிக்கையின் மேல் வந்ததுதான் 1919-ன் ரௌலட் சட்டம். அதை எதிர்த்துத்தான் சத்தியாகிரகம், பிறகு ஜாலியன்வாலாபாக். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் நான் சொல்வதுண்டு: ஒரு கடையின் சரக்கு ஏடு எவ்வளவு தூரம் போய் நின்றது பாருங்கள் என்று.

அடுத்தது பகத்சிங். 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் சாண்டர்ஸ் என்ற போலீஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கின் ஆவணங்களில் ஒரு பிஸ்டல் வருகிறது. அமெரிக்காவில் செய்த கோல்ட், .32, எண் 168896. வழக்கு முடிந்து 1931 மார்ச் 23 அன்று பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரையும் தூக்கிலிட்டார்கள். பிஸ்டலை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 85 வருஷம் கழித்து ஜூபிந்தர்ஜித் சிங் என்ற பத்திரிகையாளர் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடினார். பஞ்சாபின் ஃபில்லோர் போலீஸ் பயிற்சி மையத்திலிருந்து 1969-ல் வேறு சில ஆயுதங்களோடு அது மத்தியப் பிரதேசத்தின் இந்தூருக்கு, எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டதாகத் தெரிந்தது. அங்கே இருந்த அருங்காட்சியகத்தில் பழைய துப்பாக்கிகளுக்கெல்லாம் துரு ஏறாமல் இருக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். 2016-ல் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தபோது ஒன்றின் மேல் 168896 தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். அத்தனை வருஷம் அந்த வழியாகப் போனவர்கள், வந்தவர்கள், சல்யூட் அடித்தவர்கள் எத்தனை பேர்! பக்கத்தில் இருப்பது பகத்சிங் வழக்கின் பிஸ்டல் என்று ஒருவருக்கும் தெரியாது. பொருளும் இருந்தது, பதிவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

வெளிநாட்டிலும் ஒன்று சொல்கிறேன். முதல் உலகப் போருக்குத் தீக்குச்சியாக இருந்த சரயேவோ கொலை, 1914 ஜூன் 28. காவ்ரிலோ பிரின்சிப் பயன்படுத்திய பெல்ஜிய பிரௌனிங், 1900-ஆம் வருஷத்து மாடல் என்றே பல புத்தகங்களில் எழுதி வந்தார்கள். அது 1910 மாடல், எண் 19074. ஒரு பாதிரியாரிடம் போய், அவருக்குப் பின் அவருடைய சபையின் பொறுப்பில் கிடந்து, 2004-ல்தான் வியன்னா ராணுவ அருங்காட்சியகத்துக்கு வந்தது. புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குப் பார்த்து எழுதினால் தவறும் கூடவே நடந்து வரும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். (பரீட்சையில் பக்கத்து இலையைப் பார்த்து எழுதியவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். யார் யார் என்று எனக்குத் தெரியும்.)

இப்போது மறுபக்கம். மகாத்மா காந்தியைக் கொன்ற பெரெட்டாவின் எண்ணும் வழக்கு ஆவணங்களில் இருக்கிறது: 606824. கொலைக்குச் சில நாள் முன்பு குவாலியரில் அது கைமாறியது என்பதும் வழக்கில் வந்தது. அதற்கு முன்? இத்தாலியிலிருந்து குவாலியர் வரை எப்படி வந்தது என்பதற்குப் போர்க்களக் கதைகள் பல சொல்கிறார்கள். கதைகள்தான். எண் தெளிவாக இருக்கிறது, ஆனால் அது கைமாறிய இடங்களில் யாரும் எழுதி வைக்கவில்லை. ரோடா கம்பெனியின் ஏட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

எண்ணை அழித்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. எண்ணைச் சம்மட்டியால் அடித்துப் பொறிக்கும்போது மேலே தெரிகிற பள்ளத்துக்குக் கீழேயும் இரும்பு நசுங்கியிருக்கும். மேலே அரம் போட்டுத் தேய்த்தாலும் உள்ளே நசுங்கியது நசுங்கியதுதான். தடய அறிவியல்காரர்கள் அந்த இடத்தை நன்றாக மெருகேற்றி, செப்பு குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவுவார்கள். நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வேறு வேறு விதமாக அரிக்கும். போன எண் மங்கலாகத் திரும்பி வரும். மிக ஆழமாகத் தேய்த்துவிட்டால் வராது.

போலிகளும் நிறைய. பழைய வடமேற்கு எல்லைப்புறத்தில், இன்றைய பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் பக்கம், கைவேலையாகவே வெள்ளைக்காரன் துப்பாக்கியை அச்சு அசலாகச் செய்துவிடுவார்கள். முத்திரையையும் பார்த்து அப்படியே குத்துவார்கள். ஆங்கிலம் தெரியாததால் எழுத்து தலைகீழாகவோ இடம் வலம் மாறியோ இருக்கும். விக்டோரியா ராணியின் முத்திரையும் 1907 என்ற வருஷமும் ஒன்றாக இருக்கும். ராணி இறந்தது 1901 ஜனவரியில்! வரலாற்றுத் தேதிகளை மனப்பாடம் செய்து என்ன பிரயோஜனம் சார் என்று கேட்டவர்களுக்கு இதோ ஒரு பிரயோஜனம்.

இனி, இந்தப் பதிவை எழுதத் தூண்டிய சங்கதிக்கு வருகிறேன். சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

என்னிடம் 1980களில் படித்த மாணவர் ஒருவர். கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம், லால்குடி வட்டத்தில் பூர்வீகம். பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று சாமான்களை எடுத்தபோது, தாத்தாவின் இரும்புப் பெட்டியில், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு ரிவால்வர் இருந்தது. குடும்பத்தில் அதைப்பற்றி ஒரு கதை வழிவழியாக உண்டு. வ.வே.சு. ஐயர் தன் கையால் தாத்தாவுக்குக் கொடுத்தது என்று. ஐயர் நம் திருச்சி வரகனேரிக்காரர். லண்டனில் இருந்தவர், புதுச்சேரியில் இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தவர் என்று பெயர் பெற்றவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும் பெல்ஜியத்து பிரௌனிங்கால்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் லண்டனிலிருந்து சாவர்க்கர் 20 பிரௌனிங்குகளை, இந்தியா ஹவுஸ் சமையற்காரர் ஒருவருடைய பெட்டியின் போலி அடித்தட்டில் ஒளித்து பம்பாய்க்கு அனுப்பியதும் ரௌலட் அறிக்கையில் இருக்கிறது. ஆகவே திருச்சிப் பக்கத்து வீட்டில் அப்படி ஒரு துப்பாக்கி இருந்தது என்றால் யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

"சார், பேரன் கல்யாணத்துக்கு மலர் போடுகிறோம். அதில் இந்தத் துப்பாக்கியின் படத்தைப் போட்டு, ஐயர் கொடுத்தது என்று எழுதலாம் என்றிருக்கிறோம். நீங்கள் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் கௌரவமாக இருக்கும்" என்றார்.

முதலில் அதைக் கையில் எடுத்து விளையாடாதே, படத்தை எந்தக் குழுவுக்கும் அனுப்பாதே என்றேன். பிறகு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரௌனிங் அல்ல. பர்மிங்ஹாம் வெப்லி கம்பெனியின் .38 ரிவால்வர். எண் தெளிவாக இருந்தது. அதைவிடத் தெளிவாக இரண்டு ஆங்கிலச் சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன: வார் ஃபினிஷ்.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அவசரம் அவசரமாக ரிவால்வர் தேவைப்பட்டது. மெருகேற்ற நேரமில்லை. அரம் போட்ட கோடுகள் தெரியத் தெரிய அனுப்பினார்கள். ஆனால் வெப்லி பரம்பரைப் பெயர் வாங்கிய கம்பெனி. இது எங்கள் வழக்கமான வேலை அல்ல, போர்க்கால வேலை என்று வாங்குபவனுக்குத் தெரியட்டும் என்று "போர்க்கால மெருகு" என அதன் மேலேயே குத்திவிட்டார்கள். அந்த முத்திரை 1939-க்கு முன் இருக்க வழியில்லை. வ.வே.சு. ஐயர் பாபநாசம் அருவியில் தவறிப்போனது 1925-ல்.

இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறை நம்பிய கதை. தாத்தாவைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த பெருமையே அது ஒன்றுதான். கடைசியில் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்படியென்றால் தாத்தா பொய் சொன்னாரா சார்?" என்று கேட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஏழாம் வகுப்புப் பையன் குரலில் கேட்டார்.

தாத்தா சொன்னாரா, தாத்தா சொன்னதாக மற்றவர்கள் சொன்னார்களா என்று முதலில் விசாரி என்றேன். கூடவே, லைசென்ஸ் புத்தகம் என்று ஒன்று இருந்தே தீரும், அதையும் தேடு என்றேன்.

அத்தையின் பீரோவில் பத்திரங்களோடு இருந்தது அந்தச் சிறிய புத்தகம். முதல் பக்கத்தில் வெப்லி ரிவால்வர், .38, பிறகு எண். துப்பாக்கியில் இருந்த அதே எண். வருஷம் 1951. காரணம் என்ற இடத்தில் தற்காப்பு. தொழில் என்ற இடத்தில் கிராம முன்சீப்.

இளையவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். 1980-ல் அரசு அந்தப் பதவியை ஒழிக்கும் வரை, ஊரில் நிலவரி வசூலித்து, அந்தக் கிஸ்திப் பணத்தைத் தாலுகா கஜானாவில் கொண்டுபோய்க் கட்டுவது கிராம முன்சீப்பின் பொறுப்பு. மாட்டு வண்டியிலும் பிறகு பஸ்ஸிலும், ஊர்ப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு போக வேண்டும். வழியில் பறிபோனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்காக வாங்கியது அந்த ரிவால்வர். போர் முடிந்து உபரியாக விற்ற சரக்கில் ஒன்றாக இருக்கலாம்.

அந்தப் புத்தகத்தில் தோட்டா வாங்கிய கணக்குக்கும் பக்கங்கள் உண்டு. வாங்கிய வருஷம் 25 தோட்டா என்று ஒரு வரி. அவ்வளவுதான். அதற்குப் பின் எல்லாப் பக்கமும் வெள்ளை. புதுப்பித்த முத்திரைகள் மட்டும் வருஷா வருஷம் வந்துகொண்டே இருக்கின்றன, அவர் படுக்கையில் விழும் வரை. பெட்டிக்குள் ஒரு டப்பாவில் இருந்த தோட்டாக்களை எண்ணினார்கள். 25.

முப்பது வருஷம் ஊர்ப் பணத்தைச் சுமந்தவர் ஒரு தடவைகூடச் சுடவில்லை. பழகிப் பார்க்கக்கூட ஒன்றை வீணாக்கவில்லை. ஐயர் கொடுத்தார் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று அத்தையிடம் கேட்டால், "அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்க சித்தப்பாதான் திண்ணையில உக்காந்து சொல்லுவாரு" என்றார்களாம். தாத்தா பொய் சொல்லவில்லை. அதைக் கேட்டபோது என் மாணவருக்கு வந்த நிம்மதி எனக்குப் போனிலேயே தெரிந்தது.

கல்யாண மலரில் இப்போது துப்பாக்கிப் படம் இல்லை. லைசென்ஸ் புத்தகத்தின் முதல் பக்கமும், தாத்தா கிராம முன்சீப்பாக இருந்த கதையும் இருக்கின்றன. அதற்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சந்தோஷமாகவே எழுதினேன். வ.வே.சு. ஐயரைப் பற்றி எழுத நாடே இருக்கிறது. அந்த முன்சீப்பைப் பற்றி எழுத அந்தச் சின்னப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது.

துப்பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுப்பது, வீட்டுக்குக் கொடுப்பது அல்ல. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ அனுமதி பெற்ற துப்பாக்கிக் கடையிலோ அதை ஒப்படைக்க வேண்டும் என்று 1959 ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. வேண்டுமென்றால் வாரிசு தன் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். பழையது, தாத்தா காலத்தது, நினைவுப் பொருள் என்பதெல்லாம் விலக்கு ஆகாது. ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழங்காலப் பொருளுக்குத்தான் சட்டத்தில் விலக்கு. எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்த வெப்லி அந்த வகையில் வராது. 8-ஆம் பிரிவு இன்னொன்று சொல்கிறது. துப்பாக்கியின் மேல் உள்ள பெயரையோ எண்ணையோ அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். துரு எடுக்கிறேன், மெருகு போடுகிறேன் என்று உப்புத்தாளால் தேய்க்கும் வேலையே வேண்டாம்.

1980களின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கி வியாபார இறக்குமதி நின்றுவிட்டதால், நாட்டுக்குள் இருக்கும் பழைய வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளுக்கு லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். அந்த ஆசையைக் காட்டி, லைசென்ஸ் இல்லாமலே வாங்கிக்கொள்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

என் மாணவர் ஒரு வழக்கறிஞரை அழைத்துக்கொண்டு போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்து, ரிவால்வரையும் 25 தோட்டாக்களையும் ஒப்படைத்துவிட்டார். ரசீதில் எண்ணைச் சரிபார்த்து எழுதி வாங்கு என்று சொல்லியிருந்தேன். அப்படியே வாங்கி வந்து எனக்குப் படமும் அனுப்பினார். லைசென்ஸ் புத்தகத்தில் ஒன்று, ரசீதில் ஒன்று என்று அந்த எண் இப்போது இரண்டு காகிதத்தில் இருக்கிறது. நாளைக்கு யாராவது தேடினால் கண்டுபிடிக்கலாம்.

நம் திருச்சியின் அந்தப் பக்கம், நவல்பட்டை ஒட்டி, 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை நடக்கிறது. உங்களில் சிலர் அங்கே வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டீர்கள். இந்த எண் விஷயத்தில் என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். விட்டுப்போனது ஏதாவது இருந்தால், வெளியே சொல்லக்கூடியதாக இருந்தால், கீழே எழுதுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லோர் வீட்டிலும் துப்பாக்கி இருக்காது, இருக்கவும் வேண்டாம். ஆனால் தாத்தாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம், சைக்கிள் ரசீது, பாட்டியின் ரங்கூன் பயணச் சீட்டு, ரயில்வே பாஸ், கிஸ்தி ரசீது என்று ஏதாவது ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடக்கும். பொருளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காகிதத்தைப் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போடுகிறோம். போடாதீர்கள். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே அந்தக் காகிதத்தை எடுத்துவைத்து, இது எப்போது, யாருடையது, எதற்காக என்று கேட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். அத்தைக்கு இப்போது 84 வயது. இன்னும் ஐந்து வருஷம் கழித்துத் தேடியிருந்தால் அந்தப் புத்தகம் எந்தப் பீரோவில் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

எல்லோரும் நலமாக இருங்கள். அம்மன் துணை.